கண் கட்டிய சிலை

மாணிக்கவாசகத்தின் சட்டையில் புகை வாசம் அடித்தது. அடுப்புப் புகை இல்லை, சுருட்டுப் புகையும் இல்லை. பச்சை ரப்பர் விறகு மெல்ல எரிந்து, புளித்த பாலின் நாற்றத்தோடு கலந்து, தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமே, ரப்பர் ஷீட்டு காயவைக்கும் கொட்டகையின் அந்தப் புகை. மூன்று சக்கரப் பெச்சாவில் கணவனோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கமலவேணி முகத்தைத் திருப்பி வெளிக்காற்றை ஒரு தடவை இழுத்துவிட்டு மறுபடி மோந்து பார்த்தாள். அதே வாசம்தான். அந்தச் சட்டையைக் காலையில் அவளேதான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்திருந்தாள். தோட்டத்தை விட்டு இந்த மலாக்கா டவுனுக்கு, காஜா பேராங்குக்குக் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் புகைக் கொட்டகையே கிடையாது.

"உங்க சட்டையில புகை வாசம் வருதுங்க."

"உனக்குன்னு ஒரு மூக்கு இருக்கு பாரு," என்றான் அவன். "நல்ல காரியத்துக்குப் போறப்போ எதையாவது மோந்துகிட்டு."

நல்ல காரியம் என்று அவன் சொன்னது கலைக்கூடத்தை. மேட்டில் இருந்த பழைய துரை பங்களாவையும் அதைச் சுற்றிய புல்வெளியையும் வாங்கி, பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதை ஒரு கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே ஓவியங்கள், பழம்பொருள்கள். வெளியே புல்வெளி நெடுகச் சிலைகள். இன்னும் சில நாளில் நாட்டுக்குச் சுதந்திரம். அதையொட்டி நாளைக்குத் திறப்பு விழா. மாணிக்கவாசகத்துக்கு அங்கே ஆபீசில் கணக்கு எழுதுகிற தலைமைக் கிராணி வேலை. ஆனால் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது வேலைக்காக இல்லை. புல்வெளிச் சிலைகளில் ஆகப் பெரியது அவன் கொடுத்தது. அதன் காலடியில் பித்தளைத் தகட்டில் அவன் பேர் இருந்தது. நாளைக்குப் பெரிய மனுஷர்கள் முன்னால் அந்தச் சிலையின் கண்ணில் கட்டியிருக்கும் துணியை அவன்தான் அவிழ்க்கப் போகிறான். இன்றைக்கு அதற்கு ஒத்திகை. பெண்டாட்டியும் பார்த்து மெச்ச வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

கமலவேணி மெச்ச வரவில்லை. அவள் மடியில் இருந்த கைப்பையில், மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. புருஷனைக் காப்பாற்றத்தான் அதை எடுத்து வந்திருந்தாள்.

அந்தச் சிலை புக்கிட் நங்கா தோட்டத்துக் காளியம்மன். பால்மரம் வெட்டுகிற ஜனங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஊரிலிருந்து ஒரு சிற்பியை வரவழைத்துச் செதுக்கச் சொன்ன கல். உட்கார்ந்த நிலையிலேயே ஆள் உயரம். எல்லாம் முடிந்து கண் மட்டும் பாக்கி. கண்ணைக் கடைசியில்தான், கோயில் கட்டி முடித்து, நாள் பார்த்துத் திறப்பார்கள். திறக்கும்போது எதிரே மனுஷன் யாரும் நிற்கக் கூடாது. அம்மனின் முதல் பார்வை பொல்லாதது. அதனால் முதலில் ஒரு கண்ணாடியைக் காட்டுவார்கள், அப்புறம் பசுவும் கன்றும், அதற்கப்புறம்தான் ஜனங்கள். கோயில் எழும்புவதற்குள் வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டான். ஜனங்கள் மூலைக்கொருவராகச் சிதறிப் போனார்கள். கண் திறக்காதவரைக்கும் அது வெறும் கல்லுதானே என்று சொல்லி மாணிக்கவாசகம் அதைக் கலைக்கூடத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் சிலையைப் பார்த்து, இது முடிக்காத வேலையாயிற்றே என்று உதட்டைப் பிதுக்க, அவனுக்கு மானம் போய்விட்டது. கல்லறைக்கல் செதுக்குகிற சீனர் ஒருவரைப் பிடித்து வந்து கண்ணை வெட்டச் சொல்லிவிட்டான். பூசாரி இல்லை, நாள் இல்லை, கண்ணாடி இல்லை.

அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அந்தக் கண் திறக்காத அம்மனிடம் கமலவேணி ஒரு வரம் கேட்டிருந்தாள்.

அவளுடைய தங்கை ருக்மணி புகைக் கொட்டகையில் செத்துப்போனாள். போன வருஷம், சுதந்திரத் தேதியை மலாக்கா திடலில் அறிவிக்கப் போகிறார்கள் என்று தோட்டமே லாரியேறிப் போன நாளில். ருக்மணி எங்கே என்று கமலவேணி லாரியிலிருந்து கேட்டதற்கு, வயிற்றுவலி என்று லயத்து வீட்டில் படுத்திருக்கிறாள் என்று மாணிக்கவாசகம்தான் வந்து சொன்னான். திரும்பி வந்து தேடினால் கொட்டகைக்குள், கதவின் உள்பக்கத்தில் நகம் பிய்ந்து, பழுப்பேறிக் கிடந்தாள். கதவு மழையில் ஊதி இறுகிவிட்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. வெளியே இரும்புக் கம்பி போட்டிருந்ததாக, கூலிகளை மேய்க்கிற தண்டல் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கருமாதி முடிந்த அன்று கமலவேணி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு போய்க் கல்லின் முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். "எவன் கதவைச் சாத்தினானோ அவனை நீ முதல்ல பாரு. கண்ணைத் திறக்கிற அன்னிக்கு அவன்தான் உன் எதிர்ல நிக்கணும்."

இப்போது எதிரில் நிற்கப் போவது புருஷன். ஒரு பாவமும் அறியாதவன். கேட்ட வரம் ஆள் மாறி விழுந்துவிட்டால்? அந்தப் பயத்தில் அவளுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

வாசலில் யூனுஸ் நின்றிருந்தார். கலைக்கூடத்துக் காவல்காரர், தன் அப்பாவின் காலத்திலிருந்தே மலாக்காவின் தெங்கேராவில் இருக்கிற தமிழ் முஸ்லிம்.

"வாங்க கிராணி ஐயா. வாம்மா தங்கச்சி." விளக்கைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்தார். "உள்ள எங்கயாச்சும் விறகு எரியுதான்னு மத்தியானத்துலேர்ந்து தேடிக்கிட்டு இருக்கேன் ஐயா. புகை நாத்தம் தாங்கல லா. ஒண்ணும் காணோம்."

கமலவேணி கணவனைப் பார்த்தாள். அவன் காதில் விழாதவன் மாதிரி முன்னால் போனான்.

பங்களாவின் நீளமான கூடத்தில் மெழுகு தேய்த்த பலகைத் தரை ஒவ்வொரு அடிக்கும் முனகியது. சுவரில் கடலும் படகும் மலாய்க் கிராமத்துக் கம்போங் வீடுகளுமாக ஓவியங்கள் எண்ணெய் மணத்தோடு தொங்கின. நடுவில் கண்ணாடிப் பெட்டிகள், அவற்றுள் கிரிஸ் கத்திகள், பழைய வெற்றிலைத் தட்டுகள். கடைசிப் பெட்டி காலியாக இருந்தது. அதன் கண்ணாடி மங்கியிருந்தது. கமலவேணி முந்தானையால் துடைத்தாள். மங்கல் போகவில்லை. அது உள்பக்கத்தில் இருந்தது. பழுப்பு நிறத்தில் பிசுக்காகப் படிந்திருந்த அந்த மங்கலில், கீழிருந்து மேலாக, விரல் தடங்கள்.

"இந்தப் பெட்டியை யாராச்சும் தொறந்தாங்களா பாய்?"

"அதுக்குச் சாவியே இன்னும் வரலம்மா," என்றார் யூனுஸ்.

பின்வாசல் வழியே புல்வெளிக்கு இறங்கினார்கள். மழை வந்து நின்றிருந்த சாயங்காலம். கம்போங் செட்டிப் பக்கத்துக் கோயிலிலிருந்து மணிச் சத்தம் ஒரு தடவை வந்து அறுந்தது. பாதையின் இரண்டு பக்கமும் மாணவர்கள் சிமெண்டில் செய்த சிலைகள். பால்வாளி சுமந்த பெண், மீன்வலை வீசுகிறவன், தலையில்லாமல் ஆடுகிற ஒருத்தி. எல்லாம் பாதையைப் பார்த்து நின்றன. தூரத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் அடியில், இருட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது காளியம்மன் கல். கண்ணை மறைத்துச் சிவப்புத் துணி.

"அந்தத் துணியைக் கட்டினது யாரு பாய்?" என்று கேட்டாள்.

"அந்தச் சீனத் தவுக்கேதாம்மா, கல்லுச் செதுக்குற முதலாளி. கண்ணைச் செதுக்கி முடிக்கிறப்போ முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் உளியைத் தட்டினாரு. அவங்க சாமிக்கும் இப்படித்தானாம். பூசாரி வராம அவுக்காதீங்கன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாரு. ஐயாகிட்ட நான் சொன்னேன்."

"சொன்னீரு, சொன்னீரு," என்றான் மாணிக்கவாசகம். "நாடு சுதந்திரம் வாங்கப் போவுது, நீங்க ரெண்டு பேரும் இன்னும் பேயைக் கட்டிக்கிட்டு அழுவுங்க. போய்த் தொழுதுட்டு வாரும்."

யூனுஸ் தயங்கினார். தொழுதுவிட்டு வந்து கேட்டைப் பூட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பலகைத் தரையில் அவருடைய காலடிச் சத்தம் கேட்கிறவரைக்கும் கமலவேணி கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் அதுவும் இல்லை.

நடந்தார்கள். புல் ஈரமாக இருந்தது, ஆனால் காற்றில் ஈரம் இல்லை. கிட்டே போகப் போக அது காய்ந்து, சூடேறி, கண்ணின் ஓரத்தில் கரித்தது. அவள் எதற்கோ திரும்பிப் பார்த்தாள். பால்வாளிப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வலைக்காரனும் அப்படியே. வரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருந்தது. நினைவை நம்பாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். தலையில்லாதவளும் திரும்பித்தான் நின்றாள்.

"என்னங்க, போயிடலாங்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

அவன் சிலைக்கு நேர் எதிரே, பித்தளைத் தகட்டின் பக்கத்தில் போய் நின்றான். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். நாளைக்குப் பேச வேண்டிய இங்கிலீஷை ஒரு வரி சொல்லிப் பார்த்தான். சிவப்புத் துணி மெல்ல உள்ளே ஒட்டியது. பிறகு வெளியே வந்தது. மறுபடி ஒட்டியது. மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

கமலவேணி அந்தத் துணியையே பார்த்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று கைப்பையைத் திறந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். மண் தூற்றியதை. கேட்ட வரத்தை. கண்ணாடி கொண்டுவந்திருப்பதை. "நீங்க ஒண்ணும் பண்ணல, எனக்குத் தெரியும். ஆனா நீங்க எதிர்ல நிக்க வேணாம். நான் கண்ணாடியைக் காட்டிடுறேன், அப்புறம் நீங்க அவுத்துக்கலாம்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"யார் உன்னை அப்படிக் கேக்கச் சொன்னா?" குரல் கீச்சென்று வந்தது. "யாரும் கதவைச் சாத்தல. ஊதிப்போன கதவு. போலீசே சொல்லிட்டான்."

"அதான் நானும் சொல்றேன், நீங்க..."

அப்போது கேட்டது.

டொக்.

கல்லுக்குள்ளிருந்து. கை முஷ்டியால் பலகையைத் தட்டுகிற சத்தம். கல்லில் அந்தச் சத்தம் வராது.

டொக். டொக்.

மாணிக்கவாசகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். முகம் வெளிறி, உதடு கோணி, அவள் அதுவரை பார்த்திராத ஒரு மனுஷனாக ஆகிவிட்டான்.

"நிறுத்தச் சொல்லு."

"எதை?"

"தட்டுறதை. அன்னிக்கும் இப்படித்தான் தட்டினா. மூணு மூணாத் தட்டுவா. கொஞ்சம் நிறுத்துவா."

சொல்லிவிட்டான். சொன்னது இன்னதென்று அவனுக்கும் புரிந்துவிட்டது. புல்வெளியில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

கமலவேணி அவனையே பார்த்தாள். லாரிக்குக் கீழே நின்று, வயிற்றுவலி என்று லயத்தில் படுத்திருக்கிறாள் என்று சொன்ன வாய் அது. கருமாதியில் ஓவென்று அழுத வாய். ஒரு வருஷமாகத் தன் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கிய வாய். எந்த மூலையிலோ தனக்கும் இது தெரிந்துதான் இருந்ததோ என்று தோன்றியபோது, அவளுக்கு அவன்மேல் வந்ததைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"சும்மா கையைப் பிடிச்சேன், அவ்வளவுதான். அக்காகிட்ட சொல்லிடுவேன்னா. அரை மணி நேரம் உள்ள கிடந்தா வாயை மூடிக்குவான்னு கம்பியைப் போட்டேன், வேணி. அரை மணி நேரம்தான். அதுக்குள்ள லாரி கிளம்பிடுச்சு."

"நினைப்பு வரலியா?"

அவன் காதைப் பொத்தியிருந்த கையை மெல்ல இறக்கினான்.

"எங்க வந்துச்சு நினைப்பு?"

"திடல்ல," என்றான். "எல்லாரும் சுதந்திரம் வந்துச்சுன்னு மெர்டேகா, மெர்டேகான்னு கத்தறப்போ. நான் மட்டும் எப்படி இறங்கி ஓடறது? எல்லாரும் என்னன்னு கேப்பாங்கல்ல?"

நீயும் கத்தினாய், என்று அவள் நினைத்தாள். பக்கத்திலேயே நின்று, கையை உயர்த்தி. நானும்தான் கத்தினேன்.

டொக். டொக். டொக்.

"வேணி, அந்தக் கண்ணாடியைக் குடு." அவன் கையை நீட்டினான். கால்கள் நகரவில்லை. முழங்காலுக்குக் கீழே அவன் வேறு யாருக்கோ சொந்தமாகிவிட்டான். புல்லில் ஊன்றிய வெள்ளைச் சப்பாத்தைச் சுற்றிப் புகை மெல்லப் படர்ந்தது. "கண்ணாடியைக் குடு. நீ அதுக்குத்தான கொண்டாந்தே?"

அதற்குத்தான் கொண்டுவந்தாள். மஞ்சள் துணிக்குள் விரலுக்குத் தட்டுப்பட்டது. வழவழப்பான, குளிர்ந்த வட்டம். எடுத்து நீட்டினால் போதும்.

கமலவேணி கைப்பையை மூடினாள். பொத்தான் சொடுக்கென்று விழுந்தது.

சிலையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். பயமாகத்தான் இருந்தது, உயிரே போகிற மாதிரிப் பயமாக இருந்தது. ஆனாலும் போனாள். கல்லின் முதுகு அனலாகக் கொதித்தது. அதன் பின்னந்தலையில் சிவப்புத் துணியின் முடிச்சு. சீனத் தவுக்கே நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தார். அவள் விரல் பட்டதும் அது காத்திருந்த மாதிரி நெகிழ்ந்தது.

"வேணி, வேணாம். உன் புருஷன் வேணி."

"அம்மா," என்றாள் கமலவேணி. "பாத்துக்க."

துணி விழுந்தது.

சத்தமில்லை.

முனகல்கூட இல்லை.

இரும்புக் கம்பி ஒன்று கொக்கியில் விழுந்து பொருந்துகிற சத்தம். ஒரே தடவை.

அப்புறம் புகை.

அவள் கல்லின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். புல்லில் வெள்ளைச் சப்பாத்து இரண்டும் சேர்ந்தபடி நின்றன. வார் கட்டியது கட்டியபடி. உள்ளே யாரும் இல்லை.

டொக்.

இப்போது அந்தச் சத்தம் கனமாக இருந்தது. ஆம்பிளைக் கை. அவள் கன்னம் பட்டிருந்த கல்லின் முதுகு அதிர்ந்தது.

டொக். டொக்.

"கதவைத் திற." எங்கேயோ ஆழத்தில், பல சுவர் தள்ளி அவன் குரல். "வேணி. கதவைத் திற."

"ஐயா எங்கம்மா?"

யூனுஸ் பங்களாவின் பின்வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். அதற்கு மேல் ஓர் அடி வரவில்லை. கமலவேணி வாயைத் திறந்தாள். அது தானாக வந்தது, யாரோ அவள் நாக்கில் முன்பே எடுத்து வைத்திருந்த மாதிரி.

"வயித்துவலின்னு முன்னாடியே கிளம்பிட்டாரு பாய். நீங்க கேட்டுக்குப் போங்க, நான் வந்துடறேன்."

யூனுஸ் அவளைப் பார்த்தார். கல்லைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

கீழே ரோட்டில் லாரி ஒன்று பையன்களை அள்ளிப் போட்டுக்கொண்டு மேளதாளத்தோடு போனது. அடுத்த வார ஊர்வலத்துக்கு ஒத்திகை. மெர்டேகா! மெர்டேகா! கத்தல் மேடேறி வந்து புல்வெளியை நிரப்பியது. அந்த ஆரவாரத்துக்குள் தட்டுகிற சத்தம் அமுங்கிப் போனது. லாரி வளைவில் திரும்பியதும் மறுபடி கேட்டது. வேகமாக. இரண்டு கையாலும்.

அம்மனை நேரே பார்க்காமல், முன்பக்கம் வந்து முதுகைக் காட்டி நின்றபடி, கமலவேணி கண்ணாடியை எடுத்துத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். ஒரே ஒரு தடவை பார்த்தாள். சீனத் தவுக்கே செதுக்கிய கண்கள் அல்ல அவை. புகை பட்டுச் சிவந்து, நீர் வழிந்து, அக்காவைக் கண்டுகொண்ட கண்கள். ருக்மணியின் கண்கள். அவற்றுக்குக் கீழே மூடிய கல் உதடுகளின் நடுவிலிருந்து, நூலாக, பழுப்பு நிறத்தில் புகை கசிந்து மரத்துக்குள் ஏறியது.

"வேணி! மூச்சு முட்டுது! வேணி!"

அவள் கண்ணாடியை மஞ்சள் துணியில் பத்திரமாகச் சுற்றினாள். கையைப் பின்னால் நீட்டி, கொதிக்கிற கல்லைக் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரித் தட்டிக்கொடுத்தாள்.

"அரை மணி நேரம்தாங்க," என்றாள்.

பிறகு, முதுகைக் காட்டி நின்ற சிலைகளின் நடுவே அவளும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். பின்னால் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று மூன்றாக. கொஞ்சம் நிறுத்தி.